அப்பா எழுதிய இரண்டு வரி

அன்பு மகளுக்கு,

நலம்தானே? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? கடைசியாகப் பேசியபோது, ஆய்வுக்கூடத்து எலிகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று பாதியிலேயே போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வேலைதான் என்று தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் நியூரான்கள் கருவில் எங்கே பிறக்கின்றன என்று நீ எழுதி அனுப்பிய கட்டுரையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். நான் கல்லூரியில் படித்த நாளில், கருவில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழலின் அடித்தட்டு, அதாவது அதன் அடிப்பக்கச் செல்வரிசை, சுற்றியுள்ள செல்களுக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும், தானாக எந்த நியூரானையும் உண்டாக்காது என்பார்கள். நடுமூளையில் அப்படி இல்லை, அந்த அடித்தட்டு செல்களே டோபமைன் நியூரான்களாகின்றன என்று 2007இல் தெரிந்ததை உன்னால்தான் அறிந்துகொண்டேன். குழலுக்குக் கீழே ஓடும் முதுகுநாண் என்ற கம்பி போன்ற திசு, சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரக்கிறது. அதற்கு நேர் மேலே உள்ள செல்கள் அடித்தட்டாகின்றன. எல்எம்எக்ஸ்1ஏ, ஃபாக்ஸ்ஏ2 மரபணுக்கள் அவற்றை டோபமைன் பக்கம் திருப்புகின்றன. மரபணுவை வெட்டி ஒட்டும் க்ரீ நொதியைக் கொண்டு ஒரு செல்லில் நிறத்தை ஏற்றிவிட்டால், அதன் வாரிசுகள் அத்தனையும் அந்த நிறத்தைச் சுமக்கும் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவ்வளவு தெளிவு.

மனிதக் கருவில் டோபமைன் நியூரான்கள் உருவாகும் வேலை இரண்டாம் மாதமே தொடங்கிவிடுகிறதாமே. நீ வயிற்றில் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் நானும் அப்பாவும் மனதுக்குள் வைத்திருந்த நாட்கள் அவை.

ஒரு இடம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. பிட்எக்ஸ்3 என்ற மரபணு வேலை செய்யாத எலிக்குக் கண்ணில் லென்ஸ் இல்லை. நடுமூளையில் உடல் அசைவைப் பார்த்துக்கொள்ளும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியின் டோபமைன் செல்களும் பெரும்பாலும் இல்லை. அதை ஒட்டினாற்போல் இருக்கும் விடிஏ என்ற பகுதியின் செல்களோ பெருமளவு தப்பிவிடுகின்றன. பார்க்கின்சன் நோயிலும் அதே நைக்ராதான் அதிகம் அடிபடுகிறது, கை நடுங்கத் தொடங்கும் முன்பே அதில் கணிசமான பங்கு போயிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். தாத்தாவின் கடைசிக் காலம் உனக்குத் தெரியும். இங்கே யாரும் அதைப் பேசுவதில்லை.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில், வேறு செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை ஏழு பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைத்து, 2025இல் முடிவை வெளியிட்டார்களே, அதையும் படித்தேன். ஸ்டெம் செல்லை முதலில் அடித்தட்டாக்கிப் பிறகு நியூரானாக்கும் வழியை 2011இலேயே காட்டியிருந்தார்கள். அந்த நியூரான்கள் பிறந்த இடம் தெரிந்ததால்தானே அந்த வழி கிடைத்தது? எலிக்கருவைக் குடைந்து என்ன ஆகப்போகிறது என்று யார் கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. எழுபதை நெருங்கும் ஒருவருக்கு அந்தச் சிகிச்சை சரிப்பட்டு வருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்பாய், தெரியும்.

அப்பாவும் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறார். பார்த்துப் படி, எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். முதல் வார்த்தையில் இருக்கும் அளவு கடைசி வார்த்தையில் இல்லை. பேனா சரியில்லை என்கிறார். புதுப் பேனாதான் கொடுத்தேன். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, கேட்டால் தோள்வலி என்கிறார். உன்னிடம் எழுதக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

ராத்திரி நேரத்தோடு தூங்கு. லீவு கேட்டுப் பார், கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் வீடியோவில் கூப்பிட்டு அப்பாவை நடக்கச் சொல்லிப் பார். நரம்பியல் டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னால் கோபம் வருகிறது. நீ சொன்னால் போவார்.

அன்புடன்,
அம்மா