முன்பக்கத்துக்கு மட்டும் ஐபி65: மரப்பட்டறைக் கணினி குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 'தூசி புகாத பட்டறைக் கணினி' என விற்கப்பட்ட பேனல் கணினியை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் மரப்பட்டறையின் சி.என்.சி. ரௌட்டருக்காக (கணினிக் கட்டளைப்படி பலகையை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) உங்களிடம் வாங்கிய பேனல் கணினி (தொடுதிரையும் கணினியும் ஒரே உடலில் உள்ளது), வேலை நடுவில் தானாக அணைந்துவிடுகிறது. ரௌட்டர் பாதியில் நின்றால் பலகையும் போச்சு, சில சமயம் வெட்டும் பிட்டும் போச்சு. உங்கள் சர்வீஸ் மையம் "உள்ளே தூசி படிந்துள்ளது, எனவே உத்தரவாதம் செல்லாது" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டது. தூசி புகாது என்று விற்ற பொருளுக்குள் தூசி புகுந்ததுதான் எங்கள் புகாரே.

பெட்டியின் மேல் 'ஐபி65' என்று, தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவைச் சொல்லும் குறியீடு கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது முன்பக்கத்துக்கு மட்டும் என்பது கையேட்டின் கடைசி அட்டவணையில் பொடி எழுத்தில் வருகிறது. இந்தக் குறியீட்டுக்கான ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தரப்படி முதல் இலக்கம் 6 என்றால் தூசி அறவே உள்ளே போகக் கூடாது. முதல் இலக்கமே 5 என்றால் இயக்கத்தைக் கெடுக்காத அளவுக்குப் போகலாம். இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கானது. உங்கள் கணினியின் தொடுதிரை இந்தச் சோதனையில் தேறியிருக்கலாம். பின்பக்கத்தில் வரிசையாகக் காற்றுத் துளைகளும், அறைக் காற்றை உள்ளிழுக்கும் ஒரு ஃபேனும் இருக்கின்றன. மரத்தூள் முன்பக்கமாக மட்டும்தான் வரும் என்று யார் கணக்குப் போட்டார்களோ!

துளைகளுக்குப் பின்னால் உள்ள கம்பி வலை இழைப்புச் சுருளைத் தடுக்கும். மரத்தைத் தேய்க்கும் சாண்டரிலிருந்தும், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போதும் கிளம்பும் தூள் பல மைக்ரான் அளவே இருப்பதால் வலையைத் தாண்டிப் போகிறது. அது ஃபேன் இறக்கைகளில் தங்குவதைவிட, ஃபேனுக்கும், பிராசஸரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில்தான் அடைகிறது. ஈரக்காற்று பட்டதும் கம்பளித் துணி போல இறுகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஃபேனும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் தகடுகளுக்குள் காற்று போகாமல் பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும். முதலில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாதபோது கணினி அணையும். உங்கள் மையம் எடுத்த படங்களிலேயே இந்த அடைப்பு தெளிவாகத் தெரிகிறது.

தொலைபேசியில் உங்கள் ஊழியர் சொன்ன இரண்டு வழிகளும் சரியல்ல. கணினியை இரும்புப் பெட்டிக்குள் மூடி வைக்கச் சொன்னார். கணினி இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிறது. காற்றோட்டமில்லாத சின்னப் பெட்டியில் அது வெளியேற வழியில்லை. பெட்டி வைப்பதானால் அகலமான வடிகட்டி வழியாக ஃபேன் காற்றை உள்ளே தள்ள வேண்டும். வெளியேறும் வழி சிறியதாக இருந்து உள்ளழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். கேபிள் நுழையும் இடங்களில் இடைவெளியை அடைக்கும் கிளாண்ட் போட வேண்டும். வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். அதைச் செய்தால் உங்கள் 'பட்டறைக் கணினி' எதற்கு? சாதாரணக் கணினியே போதும்.

இரண்டாவது, கம்ப்ரஸர் காற்றால் ஊதச் சொன்னது. கம்ப்ரஸர் குழாயில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். ஃபேனைப் பிடித்துக்கொள்ளாமல் ஊதினால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். தூள் வெளியே வருவதற்குப் பதிலாக யு.எஸ்.பி., நெட்வொர்க் போர்ட்டுகளுக்குள் இறங்கும். கையேட்டிலும் இதே அறிவுரை இருக்கிறது. அதை முதலில் நீக்குங்கள்.

எங்கள் கோரிக்கை: உத்தரவாத மறுப்பை ரத்து செய்து, ஃபேன் இல்லாத, உடலே ஹீட்சிங்க்காக அமைந்த, முழு உடலுக்கும் ஐபி65 சான்று உள்ள கணினியை மாற்றாகத் தாருங்கள். தகடுகள் செங்குத்தாக இருந்தால் தூள் அதிகம் தங்காது, பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ரௌட்டர் அதிர்வுக்கு ஹார்ட் டிஸ்க் தாங்காது, சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் வேண்டும். இணைப்புகள் திருகி இறுக்கும் வகையில் இருக்கட்டும். ரப்பர் மூடி போட்ட போர்ட் என்றால், கேபிள் செருக மூடியைத் திறந்ததுமே அந்தச் சான்று பொருந்தாமல் போகிறது. அப்படிப்பட்ட மாடல் உங்களிடம் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். தவறினால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவோம்.

இணைப்பு: விலைச்சீட்டு நகல், பெட்டியின் படம், கையேட்டு அட்டவணை, சர்வீஸ் மைய அறிக்கையும் படங்களும்.

இப்படிக்கு,
மரப்பட்டறை நிர்வாகம்