சஃபேத்திலிருந்து தங்கச்சி எழுதுவது

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகம்தானே? அம்மாவின் முட்டு வலிக்கு இன்னும் அந்த எண்ணெயைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போனில் பேச ஆரம்பித்தாலே நான் கவனித்துக்கொள்ளும் யூதப் பாட்டி கூப்பிட்டுவிடுகிறார், அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

இஸ்ரேலில் இந்த சஃபேத் ஒரு மலையூர், சுமார் 900 மீட்டர் உயரம். சந்துகள் பாதிக்கு மேல் கல்படிகள்தான். வானம் தெளிவாக இருந்தால் கலிலேயாக் கடல் தெரியும், நம் சபையில் வாசிப்பார்களே, அதே கடல். பாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்ததும் வீல்சேர் தேவைப்பட்டது. விலைக்கு வாங்க வேண்டாம், யாத் சாராவில் இரவல் எடுத்து வா என்றார் அவர் மகன். 1976இல் ஜெருசலேமில் ஊரி லூபோலியான்ஸ்கி என்பவர் தொடங்கிய தொண்டு அமைப்பு அது, இப்போது நாடு முழுக்கக் கிளைகள். முன்பணம் கட்டி எடுத்துவந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பி வந்துவிடும். அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். நான் நாலைந்து முறை நன்றி சொன்னேன், கவுன்டரில் இருந்த பெரியவர் கொஞ்சம் எரிச்சலாகவே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த எரிச்சல் எனக்கு அப்புறம்தான் விளங்கியது. யூதர்களான இவர்களுக்கு இது தர்மம் இல்லை, கட்ட வேண்டிய வரி மாதிரி. வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றும் முன் பாட்டி உண்டியலில் சில்லறை போடுவார். அரசாங்க உதவித்தொகையில் வாழ்கிற நீங்கள் எதற்கு என்று கேட்டேன். உதவி வாங்கித் தின்கிற ஏழையும் கொடுத்தே ஆகவேண்டும், எங்கள் சட்ட நூலான தல்மூதில் இருக்கிறது என்றார், பேச்சு முடிந்தது. உலகத்தைச் செப்பனிடுவது என்பதை 'திக்குன் ஓலாம்' என்கிறார்கள். இந்த ஊரில் அதற்கு ஒரு பெரிய கதை உண்டு. 1570இல் இங்கே வந்த ஈசாக் லூரியா என்ற ஞானி, இரண்டே வருஷத்தில் முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனவர், அவர் சொன்னது: படைப்பின்போது கடவுளின் ஒளியைத் தாங்க முடியாமல் பாத்திரங்கள் உடைந்துபோயின, அந்த ஒளியின் பொறிகள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கின்றன, மனிதன் கட்டளைப்படி செய்யும் ஒவ்வொரு காரியமும் ஒரு பொறியை மீட்டுக் கொடுக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அவர் கல்லறைக்கு பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஹில்லேல் கதைதான் அண்ணா. உபாகமம் 15 எடுத்துப் பாருங்கள், ஏழாம் வருஷம் கடனை விட்டுவிட வேண்டும் என்று இருக்கும். நல்ல சட்டம்தான், ஆனால் என்ன ஆயிற்று, ஏழாம் வருஷம் நெருங்கினால் பணக்காரர் யாரும் கடன் கொடுப்பதில்லை, ஏழை பாடு முன்னைவிட மோசம். அப்போது ஹில்லேல் என்ற பழங்கால யூத குரு ஒரு பத்திரம் ஏற்பாடு செய்தார், கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் அது ரத்தாகாது. இதை எதற்குச் செய்தார் என்று தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூல் சொல்லும் காரணம் 'உலகத்தைச் செப்பனிட'. ஒளியும் இல்லை, பொறியும் இல்லை, ஒரு பத்திரம்! கடைசியாக 2021-22இல் ஏழாம் வருஷம் வந்தபோதும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வீட்டிலேயே இதில் ஒற்றுமை கிடையாது. பாட்டியின் பேத்தி ஆலிவ் பறிக்கும் காலத்தில், மனித உரிமைக்கான ரபிகள் (யூத குருமார்கள்) என்று 1988 முதல் இயங்கும் அமைப்போடு மேற்குக் கரைக்குப் போய், பாலஸ்தீன விவசாயிகளுக்குக் காவலாக நின்று காய் பறித்துக் கொடுக்கிறாள். அங்கே யூதக் குடியேறிகள் தொண்டர்களையும் அடித்திருக்கிறார்கள், அதனால் அவள் வரும்வரை பாட்டி சாப்பிட மாட்டார். மகனுக்கோ கோபம். உலகம் சீராவது கடவுளின் ஆட்சியில், தினம் மூன்று வேளை ஜெபத்திலும் அப்படித்தான் சொல்கிறோம், நீ பேசுவது அமெரிக்காவிலிருந்து வந்த அரசியல் என்பார். நீ ஒருத்தி போய் என்ன மாறிவிடும் என்றும் ஒருநாள் கேட்டார். வேலையை முடிப்பது உன் பொறுப்பில்லை, அதற்காக விட்டு விலகவும் உனக்கு உரிமை இல்லை என்று பழங்கால குரு ரபி தர்ஃபோன் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள். அவருக்கும் மனப்பாடமான வரிதான், பேசாமல் சாலட்டை எடுத்துக்கொண்டார். நான் வாயே திறப்பதில்லை, வேலைக்கு வந்தவள். ஆனாலும் அவள் கிளம்பும் நாளில் சாப்பாட்டு டப்பாவைக் கொஞ்சம் அதிகமாகவே நிரப்பிவிடுகிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்தி மகன் வெல்டிங் மிஷினுக்குப் பணம் கேட்டதாகவும், அம்மா கொடுக்கச் சொல்வதாகவும், நீங்கள் இரண்டாயிரம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைப்பதாகவும் சொன்னீர்களே. இங்கே பக்கத்தில் திபேரியாவில் மைமோனிடிஸ் கல்லறை இருக்கிறது, 1204இல் இறந்த பெரிய வைத்தியர், சட்டம் எழுதியவர். கொடுப்பதில் எட்டுப் படி வைத்திருக்கிறார். முகம் சுளித்துக் கொடுப்பது ஆகக் கீழே. அப்புறம் ஏழை கேட்டபின் கொடுப்பது, கேட்கும் முன்பே கொடுப்பது என்று ஏறிப் போகும். ஆக மேலே இருப்பது, அவன் இனி யாரிடமும் கை நீட்டாதபடி கடன் கொடுப்பது, அல்லது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது, அல்லது வேலை பிடித்துக் கொடுப்பது. வாரி இறைக்கவும் விடுவதில்லை, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அந்த வரம்புக்குள் மிஷின் விலை வருகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வருகிறது.

அதனால் இந்த மாதம் நான் அனுப்பும் பணத்திலிருந்து மிஷினின் முழு விலையையும் கடனாகக் கொடுங்கள். வட்டி வேண்டாம். சபையில் யாரிடமும் சொல்ல வேண்டாம், முக்கியமாக மாமியிடம். ஆனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஹில்லேலே பத்திரம் கேட்டவர்தான்.

அன்புடன்,
தங்கச்சி