கிளீனர் இல்லாத வண்டி

டென்வர், கொலராடோ
மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகன் எழுதிக்கொள்வது. நான், அவள், சின்னவன் மூவரும் இங்கே சுகம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "பிக்கப்புங்கற, பின்னால ட்ரெய்லருங்கற, மலைங்கற. சரி மாப்ளே, கிளீனர் யாரு?" என்றீர்கள். "அதெல்லாம் இங்க கிடையாதுங்க மாமா" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி போகவே இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்று அத்தை சொன்னதால் தாளில் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

நான் இருப்பது கட்டட வேலைக்கு மிஷின் வாடகைக்கு விடும் ஒரு யார்டில். குட்டி பொக்லைன், ரோடு ரோலர், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. மலைமேல் வீடு கட்டுகிறவர்கள் கேட்பார்கள், நாங்கள் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவோம். பிக்கப்பையும் ட்ரெய்லரையும் சேர்த்து 26,000 பவுண்டுக்கு மேல் போகாதவரை கார் லைசென்ஸே போதும். முதல் நாள் இதைக் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. நீங்கள் ஹெவி லைசென்ஸ் எடுப்பதற்குள் எத்தனை வருஷம் கிளீனராக இருந்தீர்கள்! இங்கே நேற்று கார் ஓட்டக் கற்றவன் இன்றைக்கு ஐந்து டன்னைப் பின்னால் கட்டி இழுக்கலாம்.

ஐந்து டன்னுக்கா இத்தனை பேச்சு என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. பத்து டயரில் பதினாறு டன் ஏற்றினவர் நீங்கள். ஆனால் உங்கள் வண்டி சுமப்பதற்கென்றே செய்தது, பிரேக்கும் காற்றில் வேலை செய்வது. இதில் எண்ணெய். சூடு ஏறி எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சுமாதிரி உள்ளே போய்விடும். அதிலும் இங்கே பின்னால் வரும் பாரம், இழுக்கிற வண்டியின் எடையைவிடக் கூட.

உயரத்தைக் கேளுங்கள். டென்வர் ஊரே 5,280 அடியில் இருக்கிறது, சரியாக ஒரு மைல். பார்த்தால் சமதரை, ஆனால் ஏற்காட்டைவிட மேலே! இங்கிருந்து மேற்கே ஐ-70 என்ற நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 11,158 அடிக்குப் போய்விடுவோம். தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். அங்கே மலையைக் குடைந்து ஐசனோவர் சுரங்கம் என்று இரண்டு குகைப்பாதை போட்டிருக்கிறார்கள். மேற்கே போவது 1973-இல் திறந்தது, கிழக்கே வருவது 1979-இல். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் விழும் மழைத்தண்ணீர் ஒரு கடலுக்கு, அந்தப் பக்கம் விழுவது இன்னொரு கடலை நோக்கி.

அந்த உயரத்தில் காற்று மெலிசு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் இழுவை குறையும் என்பது கணக்கு. சுரங்கத்து வாசலில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். எங்களுடையது டர்போ டீசல், அதனால் முக்கி முனகாமல் ஏறிவிடும். ஏற்றத்தைப் பற்றி எழுத அவ்வளவுதான். ஏற முடியாத வண்டி நின்றுவிடும், யாருக்கும் சேதமில்லை.

இறக்கம்தான் மாமா.

சுரங்கத்தைத் தாண்டினதும் சில்வர்தார்ன் என்ற ஊர்வரை எட்டு மைலுக்கு மேல் ஒரே இறக்கம், 7 சதவீதம் வரை சரிவு. கொல்லிமலைமாதிரி எழுபது கொண்டை ஊசி இல்லை, திம்பம்மாதிரி இருபத்தேழும் இல்லை. அகலமான, வழவழப்பான ரோடு. ஆபத்தே அதில்தான். கொண்டை ஊசியில் பயம் தானாக வந்துவிடும். இந்த ரோட்டில் வண்டி எழுபதைத் தொட்டதுகூடத் தெரியாது, அதுவும் மைலில் எழுபது.

எனக்குத் தொப்பூர் கணவாய்தான் ஞாபகம் வந்தது. ஒரு தடவை உங்கள் லாரியில் விடியக்காலை இறங்கும்போது வெங்காய லாரி ஒன்று கவிழ்ந்து ரோடெல்லாம் வெங்காயம். நான் எட்டிப் பார்த்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "டீசல மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல விட்டிருப்பான்" என்றீர்கள், அவ்வளவுதான். இங்கே என்னைப் பழக்கிய யார்டு போர்மேன் வேறு பாஷையில் அதையேதான் சொன்னார். ஏற என்ன கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு, உச்சியிலேயே கியரைக் குறைத்துக்கொள், வேகம் பிடித்த பிறகு குறைக்கலாம் என்று நினைக்காதே. பழைய நண்பனைப் பார்த்தமாதிரி இருந்தது. இந்த வண்டி ஆட்டோ கியர். பாரம் இழுக்க என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் இறக்கத்தில் தானே கியரைக் குறைத்துப் பிடிக்கும். உங்கள் லேலண்டில் இருந்ததுபோல, புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் உண்டு. அதற்கு மேலும் வேகம் ஏறினால் பெடலை ஒருமுறை நன்றாக அழுத்தி, ஐந்து மைல் வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிட வேண்டும். காலை பெடல்மேல் வைத்துக்கொண்டே இறங்கினால் லைனர் ஆறவே ஆறாது. சுரங்கத்துக்குக் கீழே வாரம் ஒருமுறையாவது அந்தக் கருகல் வாசம் மூக்கில் ஏறும். எவனோ முன்னால் மிதித்துக்கொண்டே போகிறான் என்று அர்த்தம்.

பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை. ரோட்டில் ஐஸ் இருந்தால் எக்ஸாஸ்ட் பிரேக்கை அணைத்துவிட வேண்டும். அது பின்சக்கரத்தை மட்டும் பிடிப்பதால் பிக்கப்பின் வால் வழுக்கி, ட்ரெய்லர் மடக்குக்கத்திமாதிரி மடிந்துவிடும். செப்டம்பர் முதல் மே வரை அந்த மலைப்பகுதியில் டயர் பட்டன் தேய்ந்திருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

திரும்பி வரும்போது டென்வருக்குச் சற்று முன்னால் கடைசி மலை. அங்கே வைத்திருக்கும் பலகைகளை நீங்கள் பார்க்க வேண்டும். தூரத்தில் ஊர் தெரியும், சமவெளி தெரியும், அப்பாடா என்று கால் தளரும். சரியாக அந்த இடத்தில், "லாரிக்காரர்களே, ஏமாறாதீர்கள், இன்னும் 4 மைல் செங்குத்து இறக்கமும் வளைவும் இருக்கிறது" என்று ஒரு பலகை. கொஞ்ச தூரம் போனால் "நீங்கள் இன்னும் இறங்கி முடிக்கவில்லை" என்று இன்னொன்று. அரசாங்கத்துப் பலகை மனுஷன்மாதிரி பேசி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த இறக்கத்தில் 2019 ஏப்ரலில் பலகை மரம் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் போய், அடிவாரத்தில் நெரிசலில் நின்ற வண்டிகள்மேல் ஏறிவிட்டது. நாலு பேர் இறந்துபோனார்கள். ஓட்டினது இருபத்துமூன்று வயசுப் பையன், பிழைக்க வந்தவன். பிரேக் போய் ஓடுகிற வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே வழியில் ஜல்லி கொட்டின ஏற்றப்பாதை இருந்தும் அவன் அதில் ஏற்றாமல் போனான் என்பதுதான் கேஸ். 110 வருஷம் தீர்ப்பானது. ஊர் உலகமெல்லாம் கையெழுத்து இயக்கம் நடந்து, பிறகு கவர்னர் பத்து வருஷமாகக் குறைத்தார். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் போர்மேன் வண்டியை ஓரங்கட்டி அந்த ஜல்லிப் பாதையைக் காட்டினார். "வண்டி போச்சேன்னு யோசிக்காதே, ஏத்திடு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்றார். அந்தப் பையனுக்கு யாராவது நிறுத்திக் காட்டினார்களோ என்னவோ.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கிளீனர் நான்தான். காலையில் யார்டில் முதல் அரைமணி நேரம் டிரைவர் வேலையே இல்லை. பிக்கப்பின் பின்னால் இரும்புக் குண்டு ஒன்று இருக்கும், ட்ரெய்லரின் மூக்கு அதன்மேல் தொப்பிமாதிரி உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். குண்டில் மூன்று அளவு. ரெண்டு அங்குலக் குண்டுமேல் அதைவிடக் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான மூக்கை உட்கார வைத்தாலும் பூட்டு விழுந்தமாதிரியே தெரியும். வந்த புதிதில் அதைத்தான் செய்தேன். போர்மேன் ஒன்றும் சொல்லாமல் ட்ரெய்லரின் முன்ஜாக்கியைத் திருகினார். பூட்டியிருந்தால் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். மூக்கு மட்டும் டக்கென்று கழன்று மேலே வந்தது. முதல் பள்ளத்திலேயே ட்ரெய்லர் தனியாகப் போயிருக்கும். அன்றிலிருந்து எத்தனை அவசரமானாலும் அந்த ஜாக்கியைத் திருகாமல் நான் கிளம்புவதில்லை.

அப்புறம் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் தொட்டில்மாதிரி தாங்கிக்கொள்ளும். சங்கிலியும் அறுந்தால்? ட்ரெய்லரில் தனி பேட்டரி இருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியைப் பிக்கப்பில் மாட்டியிருப்போம், அது இழுபட்டு முளை பிடுங்கினதும் ட்ரெய்லர் தன் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும். சிலர் அந்தக் கம்பியைச் சங்கிலியிலேயே மாட்டிவிடுகிறார்கள், சோம்பல்! பிறகு லைட், இண்டிகேட்டர். பின்னால் போய்ப் பார்த்துச் சொல்ல ஆளில்லாததால் யார்டு ஆபீஸ் கண்ணாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தி, அதில் தெரிவதைப் பார்த்துக்கொள்கிறேன். டயரில் காற்று, வீல் நட்டு. ஐம்பது மைல் ஓடினபின் நிறுத்தி ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அது நீங்கள் காட்டிக்கொடுத்தது.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். போன அக்டோபரில் தெற்கே கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து ஒரு ரோலரை எடுத்து வந்தேன். ஏற்றிவிட்டவர்கள் அதை அச்சுக்குப் பின்னால் நிறுத்திக் கட்டிவிட்டார்கள். பாரத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு குண்டுமேல் அழுத்த வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரியும். அவிழ்த்து மறுபடி கட்டச் சோம்பல்பட்டுக் கிளம்பிவிட்டேன். வழியில் மானுமென்ட் ஹில் என்று ஒரு மேடு, ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். அதைத் தாண்டி இறங்கும்போது பக்கத்திலிருந்து காற்று ஒரு அறை அறைந்தது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் இடதுபக்கம் தெரிகிறது, உடனே வலதுபக்கம், மறுபடி இடது. ஒவ்வொரு வீச்சுக்கும் பிக்கப்பையே தூக்கி வைக்கிறது. கால் பிரேக்கை மிதிக்கத் துடித்தது. மிதித்திருந்தால் முன்னால் இருப்பது நிற்க, பின்னால் இருப்பது தள்ள, கவிழ்ந்திருப்பேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டேஷ்போர்டில் ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற சின்ன நெம்புகோலை விரலால் அமுக்கினேன். கயிற்றைப் பின்னாலிருந்து இழுத்தமாதிரி விறைத்து நேரானது. எல்லாம் பத்து வினாடிக்குள். அடுத்த வழியில் இறங்கி, கட்டை போட்டு, ரோலரை ரெண்டடி முன்னால் நகர்த்திக் கட்டினேன். பிளாஸ்க்கில் டீ இருந்தது, மூடியைத் திறக்கவே ரொம்ப நேரம் ஆனது.

பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் ஏற்றினவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பீர்கள். உங்கள் கிளீனரான நான் அப்போதும் வாயைத் திறக்காதவன்தானே.

ரிவர்ஸ் மட்டும் பிடிபட நாளானது. ஸ்டியரிங்கை அடிப்பக்கம் பிடித்து, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். சொல்லச் சுலபம். கேமரா இருக்கிறது, ஆனால் கேமரா குரல் கொடுக்காதே. அதனால் நானே கொடுத்துக்கொள்கிறேன். "ரைட்டு… ரைட்டு… வரட்டும்… வரட்டும்… ஓல்டேன்!" பிரெக்கன்ரிட்ஜில் ஒரு வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் வந்து என்ன பாட்டு பாடுகிறாய் என்று கேட்டார். எங்கள் ஊரில் வண்டி பின்னால் எடுக்கும்போது பாடுவது என்று சொல்லிவைத்தேன்.

ஒரு உதவி மாமா. அம்மா ஜூன் மாசம் இங்கே வருகிறார்கள். லேலண்டை விற்றபோது டயர் தட்டிப் பார்க்கிற இரும்புக் கம்பியை மட்டும் நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டதாக அத்தை சொன்னார். இங்கே கேஜ் இருக்கிறது. ஆனால் ட்ரெய்லரின் நாலு சக்கரத்துக்கும் குனிந்து நிமிர்வதைவிட நாலு தட்டு தட்டினால் எனக்குக் காதிலேயே தெரிந்துவிடும், அந்தச் சத்தம் பழகின காது. கம்பியைக் கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் புடவைக்கு நடுவே சுற்றி வைக்கச் சொல்லுங்கள். எடை கூடினால் ஊறுகாயில் ஒரு பாட்டிலைக் குறைத்துக்கொள்ளலாம். எலுமிச்சையைக் குறைக்க வேண்டாம், மாங்காயைக் குறைக்கட்டும்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்