மூன்றாம் தவணை மடல்: சத்தியும் வயிற்றோட்டமும்

அன்பான பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். வாணி விழா இனிதே நிறைவேறியது. வலய மட்டப் போட்டிகளில் பங்குபற்றிய பிள்ளைகளுக்கும் பயிற்றுவித்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். பரீட்சை நேரசூசியை வகுப்பாசிரியர் தருவார்.

மாரி தொடங்கியதிலிருந்து சத்தியும் வயிற்றோட்டமுமாக வாடும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலக்குழிக் கழிவு மழைநீரோடு கிணற்றுக்குள் இலகுவாக இறங்கிவிடும். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கொதித்தாறியதையே போத்தலில் கொடுத்துவிடுங்கள்.

சத்தி எடுத்த பிள்ளை தாகத்தில் ஒரு கிளாஸ் நிறையக் குடித்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாக ஜீவனி (உடலில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல்) பருக்குங்கள். திரும்பச் சத்தி எடுத்தாலும் விட்டுவிடாமல், பத்து நிமிடம் கழித்து இன்னும் மெதுவாகத் தொடருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அநேக பிள்ளைகளுக்குச் சேலைன் ஏற்றாமல் காப்பாற்றுவது இந்தக் கரண்டிதான். பைக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பாதியைக் கிளாசில் கொட்டிக் கலக்கினால் உப்புக் கூடி ஆபத்தாகும். சீனி சேர்க்க வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். சோடா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சீனி குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். பசித்தால் சோறு, இடியப்பம், வாழைப்பழம் கொடுக்கலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடிய ஒரு சத்தி மாத்திரையைக் கொடுத்து, சீருடை போட்டு அனுப்புவதைப் பாடசாலை ஏற்காது. பாமசியில் கேட்டு வாங்கும் சில சத்தி மாத்திரைகளால் பிள்ளைகளுக்குக் கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்ளும். வைரசால் வரும் வயிற்றோட்டத்துக்கு அன்ரிபயோற்றிக் உதவாது. கடைசிச் சத்தியோ வயிற்றோட்டமோ நின்று 48 மணித்தியாலம் வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும். சுகமானதுபோல் தெரிந்தாலும் கிருமி மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். கைகளைச் சவர்க்காரம் போட்டே கழுவப் பழக்குங்கள். சனிரைசர் இந்த வைரசுகளுக்குப் போதாது.

ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், கண் குழிந்து நாக்கு வரண்டால், சத்தி பச்சையாக வந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடந்தால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இரண்டு நாள் லீவு எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது விளங்குகிறது. தவறும் பாடக் குறிப்புகளை வகுப்பாசிரியர் தருவார். தகவல் சொன்னதும் ஓடிவந்து பிள்ளையைக் கூட்டிச் செல்லும் உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அதிபர்