‘பெங்கால்’ கப்பலின் வரலாற்றைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். ராயல் இந்தியன் நேவியின் சிறு வழித்துணைக் கப்பலான ‘பெங்கால்’ இரண்டாம் உலகப்போரில் ஆற்றிய பணியின் வரலாறு தொகுத்து முடிந்துவிட்டது. முதல் வரைவில் இருந்த பிழைகளை வரி வரியாகக் காட்டித் தந்தவர்கள் நீங்கள். யாரால் எது திருந்தியது என்று சொல்லாமல் பொதுவாக நன்றி கூறினால் அது போதாது.

முதல் நன்றி, டன் கணக்கைத் திருத்திய கப்பல் பொறியாளருக்கு. 650 டன் பெங்கால், பீரங்கிகள் பொருத்திய 10,438 டன் ஜப்பானிய வணிகக் கப்பலான ‘ஹோகோகு மாரு’வை எதிர்த்தது என்று வரைவில் இருந்தது. 650 என்பது கப்பலின் எடை. 10,438 என்பது உள்ளளவு. அந்தக் கணக்கில் 100 கன அடி ஒரு டன். வணிகக் கப்பலை உள்ளளவாலும் போர்க்கப்பலை எடையாலும் குறிப்பது வழக்கம் என்பதால், இரண்டையும் வகுத்து ‘பதினாறு மடங்கு பெரியது’ என்று எழுதுவது தவறு. அந்த வரியை எடுத்துவிட்டோம். இப்போது அங்கே இருப்பது குண்டுகளின் எடை.

அதைச் சொல்லிக்கொடுத்த முன்னாள் பீரங்கிப் படைவீரருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. சிட்னியின் காக்கட்டூ தீவில் 1942இல் கட்டி முடிந்த பெங்காலுக்கு 4 அங்குலப் பீரங்கி பொருத்துவதாகத்தான் ஏற்பாடு. அது கிடைக்காமல் போகவே ‘12 பவுண்டர்’ வந்தது. பவுண்டர் என்பது குண்டின் எடையைக் கொண்டு வந்த பெயர். குழாயின் விட்டம் 3 அங்குலம்தான். அதன் குண்டு 6 கிலோவுக்கும் குறைவு. எதிரியின் 14 செ.மீ. பீரங்கிக் குண்டோ 38 கிலோ. பெங்கால் காவல் காத்துச் சென்ற டச்சு எண்ணெய்க் கப்பல் ‘ஒன்டினா’விலேயே 4 அங்குலப் பீரங்கி ஒன்று இருந்தது, அதன் குண்டு சுமார் 14 கிலோ. காவலாளியை விடக் காக்கப்பட்டவர் கையில் இருந்த ஆயுதம் பெரிது! பெங்காலில் இருந்தவை 40 குண்டுகள், ஒன்டினாவில் 32. பழகிய குழுவினர் 12 பவுண்டரில் நிமிடத்துக்குப் பதினைந்து வரை சுடலாம். அந்த வேகத்தில் சுட்டிருந்தால் பெங்காலின் கையிருப்பு மூன்று நிமிடம்கூடத் தாங்காது.

1942 நவம்பர் 11 அன்று, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே சுமார் 500 கடல் மைல் தொலைவில், ஹோகோகு மாருவும் அதன் துணைக் கப்பலான ‘ஐகோகு மாரு’வும் எதிர்ப்பட்டபோது பெங்காலின் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன் கப்பலை ஏன் எதிரியை நோக்கித் திருப்பினார்? வீரம் என்ற ஒரே சொல்லில் முடித்திருந்தோம். வேகக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் ஒரு மாலுமி. எதிரியின் வேகம் 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்), பெங்கால் 15, ஒன்டினா 12. ஓடினால் மணிக்கு 9 கடல் மைல் வீதம் எதிரி நெருங்குவான். ஒன்டினா தப்ப வேண்டுமானால் யாராவது நடுவில் நின்றாக வேண்டும். கணக்குத் தெரிந்த பிறகு அந்த வீரம் எங்கள் கண்ணில் இன்னும் உயர்ந்து நிற்கிறது.

நேரக் குழப்பத்தைத் தீர்த்தவருக்கும் நன்றி. அந்தக் கடற்பகுதி கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னால். ஜப்பானியக் கடற்படை எங்கிருந்தாலும் டோக்கியோ நேரத்தையே வைத்துக்கொண்டது, அது 9 மணி முன்னால். நண்பகலில் நடந்தது ஜப்பானியப் பதிவில் பிற்பகல் மூன்று மணி. இதைக் கவனிக்காவிட்டால் ஒரே சண்டை இரண்டு சண்டையாகத் தெரியும்.

டச்சு மொழிப் பதிவுகளை வாசித்து விளக்கிய அம்மையாருக்குத் தனி வணக்கம். ஹோகோகு மாருவை வெடிக்கச் செய்த குண்டு தங்களுடையதே என்று இரு கப்பலாருமே அறிவித்தார்கள். இந்திய ஏடுகளை மட்டும் நம்பி எழுதியிருந்தால் ஒன்டினாவின் பங்கு அடிக்குறிப்பாகச் சுருங்கியிருக்கும். அதன் தலைவர் வில்லெம் ஹோர்ஸ்மன் கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையிலேயே மாண்டார். ஒன்டினாவை இரண்டு டார்பிடோக்கள் துளைத்தன; படகில் இறங்கியவர்கள் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது. எதிரி அகன்றதும் எஞ்சியவர்கள் மீண்டும் கப்பலேறித் தீயை அணைத்து, சாய்வை நிமிர்த்தி, நவம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் துறைமுகம் சேர்ந்தார்கள். முந்தின நாள் டியேகோ கார்சியா தீவை அடைந்த பெங்கால் ஒன்டினா மூழ்கிவிட்டதாகவே நினைத்திருந்தது. அன்றைய முதல் செய்திகளில் ‘மூழ்கியது’ என்றிருப்பதன் காரணம் இதுதான். பின்னர் எழுதிய சிலரும் அதையே எடுத்தாண்டிருக்கிறார்கள்.

உடன்பிறப்புக் கப்பல்களான பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப் பற்றிய குறிப்புகளை அனுப்பியவர்களே, அவை பின்னிணைப்பில் சேர்ந்துள்ளன. 1950க்குப் பிந்தைய ஏடுகளில் ‘ஐ.என்.எஸ்.’ (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்ற முன்னொட்டோடு தேடச் சொன்ன நூலகருக்கும், ஜே 243 என்ற பெங்காலின் பக்கவாட்டு எண்ணைக் கொண்டு படங்களைச் சரிபார்த்தவருக்கும் எங்கள் நன்றி.

தொகுப்பின் படி உங்கள் ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் வருகிறது.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்