வறட்சி வந்தால் யார் முதலில் குறைப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்து நாள் மழை இல்லை என்றதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'ஐந்து நிமிடத்தில் குளித்து முடியுங்கள்' என்று செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். சரி, செய்ய வேண்டியதுதான். சிங்கப்பூரில் 1963 ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 10 மாதம் நீடித்தபோது என் அம்மாவுக்கு எட்டு வயது. இன்றும் அவர் அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டமாட்டார், சிவப்பு வாளியில் பிடித்துவைத்து, வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றுவார்.

ஆனால் சிங்கப்பூரில் தினமும் செலவாகும் தண்ணீரில் பாதிக்கு மேல் வீடுகளுக்குப் போவதில்லை, தொழிற்சாலைகளும் மற்ற வர்த்தகங்களும்தான் பயன்படுத்துகின்றன. அவர்களுக்குப் புதுநீர், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர், இருக்கிறதே என்பார்கள். 2014ல் தொடர்ந்து 27 நாள் மழை பொய்த்தபோது அதே புதுநீரைத்தான் நீர்த்தேக்கங்களிலும் விட்டு மட்டத்தைக் காப்பாற்றினார்கள். சிப் தொழிற்சாலை கேட்பதும் அந்த நீர், நீர்த்தேக்கம் கேட்பதும் அந்த நீர். வறட்சி மூன்று மாதம் இழுத்தால் எதற்கு முதலிடம்?

நமக்குத் தண்ணீர் வரும் மலேசியாவின் ஜொகூர் பக்கமும் இதே கதைதான். 2016 அக்டோபரில் அங்குள்ள லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அங்கிருந்து தண்ணீர் திறந்துவிட்டால்தான் ஜொகூர் ஆற்றில் கடலின் உப்பு மேலேறாது, உப்பு ஏறிவிட்டால் நம்மால் நீர் எடுக்க முடியாது. நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம் என்று ஜொகூருடன் செய்த 1962 ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, ஆற்றில் இருந்தால்தானே எடுப்பது? ஜொகூர் மக்களுக்கும் அப்போது தண்ணீர்ப் பங்கீடு நடந்தது, அவர்கள் கேட்டதும் நாம் கூடுதலாகச் சுத்திகரித்த நீர் கொடுத்தோம். கொடுத்தது நியாயம்.

போன வறண்ட மாதத்தில் காலை ஆறு மணிக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பின் வாசலில் அலங்கார நீரூற்று கொட்டுகிறது, பக்கத்தில் ஊழியர் ஒருவர் ஹோஸ் பிடித்துத் தரையைக் கழுவுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, சொன்ன வேலையைச் செய்கிறார். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

நீர்மட்டம் இவ்வளவு இறங்கினால் நீரூற்றும் கார் கழுவுவதும் நிற்கும், இன்னும் இறங்கினால் பெரிய ஆலைகள் இத்தனை பங்கு குறைக்கும், அதற்கப்புறம்தான் வீட்டுக் குழாய், மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் நிலையங்களிலும் கடைசிவரை கை வைக்கமாட்டோம் என்று வரிசை போட்டு இப்போதே வெளியிட வேண்டும். என் மகனே உட்லண்ட்சில் ஒரு சிப் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறான். தண்ணீர் திடீரென்று குறைந்தால் அங்கே என்ன ஆகும் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். அவர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்தால்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

ஈசூன் வாசகி