அந்த எழுத்தையும் படித்துவிடு, ஜெனி

அன்பு மகள் ஜெனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். இங்கே நாகர்கோவிலில் மழை விட்டுவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு, கவலைப்படும்படி இல்லை.

நீ வேலை செய்யும் பழைய தோல் ஏட்டைப் படமெடுத்து அனுப்பிய இரண்டு படங்களையும் போனில் பார்த்துத் திருப்தி வராமல், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லிக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் பழுப்பேறிய தோலும் கறுப்பு எழுத்தும் மட்டும்தான். இரண்டாவதில் அதே பக்கத்தின் குறுக்கே சிவப்பாக இன்னொரு எழுத்து எழும்பி நிற்கிறது. ஒரு இடத்தில் மேலெழுத்தின் கால் கீழெழுத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. யாரோ எழுதி, யாரோ சுரண்டி, யாரோ மேலே எழுதி, நூற்றாண்டுகள் கழித்து என் மகள் அதை எழுப்பியிருக்கிறாள். சொல்ல முடியாத சந்தோஷம் எனக்கு.

ஆனால் அன்றைக்குப் பேசும்போது, "எழுத்தை வெளியே கொண்டுவருவதோடு என் வேலை முடிந்ததம்மா, படிப்பது அதற்கென்று இருக்கிறவர்கள் பாடு" என்றாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். மக்களே, அந்தக் கீழெழுத்தின் மொழியை, பாலஸ்தீனத்துக் கிறிஸ்தவர்களின் பழைய அராமிக்கை, நீ படிக்க வேண்டும்.

ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். ஸ்காட்லாந்தில் பிறந்த இரட்டையர், அவரும் தங்கை மார்கரெட்டும். 1891-இல் ஆக்னஸின் கணவர் இறந்தார். தங்கை அதற்கு முன்பே விதவை. அடுத்த வருஷமே, 49 வயதில், தங்கையோடு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து சீனாய் மலையடியில் இருக்கும் பரிசுத்த கத்தரீன் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். புறப்படுவதற்கு முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்து, அராமிக்கின் ஒரு கிளையான சிரியாக் மொழியைப் படித்திருந்தார். அதுதான் விஷயம்.

மடத்தில் அவர் கையில் எடுத்தது அழுக்கேறிய ஒரு தோல் புத்தகம். சில ஏடுகள் ஒட்டிக்கிடந்தன; கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து அந்த ஆவியில் காட்டித்தான் பிரித்தார்களாம். மேலே எழுதியிருந்தது பரிசுத்த ஸ்திரீகளின் சரித்திரம். அந்த வரிகளுக்கு நடுவே மங்கலாக வேறொரு கை. பக்கத்தின் தலையில் சுவிசேஷகர்களின் பெயர்கள். சிரியாக் தெரியாத ஒருவர் பார்த்திருந்தால் அது வெறும் கறை. இவருக்கு அது மத்தேயுவும் லூக்காவும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே பென்ஸ்லி, பர்க்கிட் என்ற அறிஞர்கள் படித்துப் பார்த்து, சிரியாக்கின் மிகப் பழைய சுவிசேஷ மொழிபெயர்ப்பு என்று கண்டுபிடித்தார்கள். அதில் மாற்கு 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறையிலிருந்து ஸ்திரீகள் பயந்து ஓடுகிறார்கள், அவ்வளவுதான். நம் வேதாகமத்தில் அதற்குப் பின் வருகிற 12 வசனங்கள் அதில் கிடையாது. முதல்முறை இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-இல்தான். ஆக்னஸ் பட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. நீயோ இரண்டு பட்டம் வாங்கியவள்.

நீ இப்போது பார்க்கிற பாலஸ்தீன அராமிக்குக்கும் அவர் ஒரு முன்னோடி. சூயஸ் பக்கத்திலும் கெய்ரோவிலும் பெர்லினிலும் சிதறி வந்த ஏடுகளை வாங்கிச் சேர்த்து 1909-இல் அச்சிட்டாரே, 'கோடெக்ஸ் கிளிமாசி ரெஸ்கிரிப்டஸ்', அதன் மேலெழுத்து சிரியாக்கில் ஒரு துறவறப் போதனை. அடியில் பாலஸ்தீனத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் அராமிக்கில் எழுதிய சுவிசேஷமும் நிருபங்களும். அதே புத்தகத்தின் வேறு ஏடுகளின் அடியில், ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலாளரின் நட்சத்திரப் பட்டியலில் ஒரு துண்டு இருப்பதாக 2022-இல் அறிவித்தார்கள். வேதாகமத்தைத் தேடிப்போன இடத்தில் வானமும் கிடைத்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். "இயேசு பேசிய மொழியில் சுவிசேஷம்" என்று யாராவது உன்னிடம் பரபரப்பாகப் பேசினால் தலையாட்டாதே. அந்த ஜனங்கள் கிரேக்கத்திலிருந்துதான் மொழிபெயர்த்தார்கள். பேச்சு மட்டும் அவர் நடமாடிய வட்டாரத்துப் பேச்சுக்கு நெருங்கிய சொந்தம். எனக்கு அதுவே போதும். அரபி வளர வளர அந்த மொழி பேச ஆள் குறைந்தது, புத்தகம் இருந்தும் வாசிக்க ஆள் இல்லை. தோலுக்கோ பஞ்சம், ஒரு புத்தகத்துக்கு எத்தனையோ ஆடுகள் வேண்டும். அதனால் பழையதைச் சுரண்டினார்கள். சுரண்டிய துறவி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அதைத் தோலாகப் பத்திரப்படுத்தாவிட்டால் இந்த மொழியின் ஆரம்ப கால எழுத்தில் பெரும்பகுதி நம் கைக்கு வந்திராது.

அந்த மை எதில் செய்தது என்று தேடிப் பார்த்து வியந்துபோனேன். மாசிக்காயும், இரும்பு உப்பான அன்னபேதியும்! நீ கைக்குழந்தையாக இருந்தபோது உரைமருந்தில் இழைத்துக் கொடுத்தேனே, அதே மாசிக்காய். அந்த மையின் இரும்பு தோலுக்குள் இறங்கிவிடுவதால், மேலே சுரண்டினாலும் அடி போகாது. புற ஊதா ஒளியில் தோல் ஒளிர்கிறது, மை இருந்த தடம் இருட்டாக நிற்கிறது. இதை நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டில் ரசாயனம் தடவிப் பார்த்தார்கள், சில ஏடுகள் அதிலேயே கறுத்துக் கெட்டுப்போயின. ஆக்னஸும் ஒரு ரசாயனம் தடவியவர்தான். நீங்கள் விளக்கு மட்டும் காட்டுவது எவ்வளவு நல்ல காரியம்.

ஆனால் விளக்கு தானாக வாசித்துவிடாது. 2023-இல் கிரிகோரி கெசல் என்பவர் வத்திக்கான் நூலகத்து ஏடு ஒன்றில் என்ன செய்தார் பார். மேலே ஜார்ஜிய எழுத்து, அடியில் கிரேக்கம், அதற்கும் அடியில் சிரியாக் சுவிசேஷம். மத்தேயு 12-இல் சீஷர்கள் பயிர் வழியாகப் போகும்போது கதிர்களைக் கொய்து தின்றார்கள் என்று நாம் வாசிக்கிறோம். அந்த மூன்றாம் அடுக்கில், கொய்து, கைகளில் கசக்கித் தின்றார்கள் என்று இருக்கிறது. லூக்காவில் உள்ள அந்தக் கசக்குதல் மத்தேயுவிலும் வந்து நிற்கிறது. படம் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மொழி தெரிந்தவர் கண்ணில்தான் அந்த ஒரு சொல் பட்டது. நீயும் எந்தக் கோடு எழுத்து, எது அழுக்கு என்று தெரிந்து படத்தைச் செப்பனிட்டால், வாசிக்கிறவர்களுக்கு எவ்வளவு உதவி! அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீயே "இங்கே ஒரு எழுத்து விட்டுப்போகிறது" என்று சொல்லலாம்.

பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. 22 எழுத்து, வலமிருந்து இடம். பாலஸ்தீன அராமிக்கில் கிரேக்க 'ப' ஒலிக்காக ஒரு எழுத்தைத் திருப்பிப் போட்டு 23 ஆக்கியிருக்கிறார்கள். 247 எழுத்தை ஐந்து வயதில் எழுதிப் பழகியவளுக்கு இது பெரிய காரியமா? முதலில் எஸ்திராங்கலா என்ற பழைய எழுத்து வடிவில் சிரியாக் கற்றுக்கொள், அப்புறம் பாலஸ்தீனத்துக்குப் போகலாம்.

இதற்கு நீ அங்கேயே ஆசிரியர் தேட வேண்டும் என்றும் இல்லை. மலையாளத்து சுறியானி சபைகளில் இன்றைக்கும் சிரியாக்கில் ஆராதனை உண்டு. கோட்டயத்தில் மார் எப்ரேம் பெயரில் 'சீரி' என்ற ஆராய்ச்சி நிலையம் 1985 முதல் இருக்கிறது, அங்கே சிரியாக் கற்றுத்தருகிறார்கள். நம் வீட்டிலிருந்து ரயில் ஏறினால் ஒரு பகல் பயணம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒரு வாரம் கூடுதலாக லீவு கேள். உன்னோடு நானும் வருகிறேன், அப்பாவுக்கு சித்தி சமைத்துப் போடுவாள். வகுப்பு எப்போது, எத்தனை நாள் என்று எழுதிக் கேட்கப்போகிறேன். அதற்குள் உனக்கு எந்தத் தேதி வசதி என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா